யானை வாங்கிய வீட்டில் அங்குசம் எங்கே?



தலைப்பைப் பார்த்துவிட்டு இது ஏதோ கோயில் யானையைப் பற்றிய கட்டுரை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் எழுத வந்தது காரைப் பற்றி. "நாமெல்லாம் பஸ் பாஸ்ல வர்ற ஆளுங்க, நமக்கெதுக்குடா கார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று மாலை ஊருக்குப் போனதும் உங்கள் தெருவை ஒரு தடவை நின்று பாருங்கள். மாவு மில் வைத்திருக்கும் அண்ணன், நாலு தறி ஓட்டும் மாமா, கோழிப்பண்ணைக்குத் தீவனம் போடும் சித்தப்பா என்று யாராவது ஒருவர் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கும். சீட்டு எடுத்த பணம் பாதி, ஃபைனான்ஸ் பாதி. அந்த வம்சத்திலேயே முதல் கார் அதுதான்.

நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அப்ளிகேஷன் நிரப்புவது முதல் ஸ்காலர்ஷிப் வாங்குவது வரை சொல்லித் தர வீட்டில் ஆளில்லாமல் எத்தனை தடுமாறினோம் என்பது நமக்குத் தெரியும். முதல் தலைமுறையாகக் கார் வாங்கியவர் கதையும் அதேதான். அவருக்கும் சொல்லித் தர வீட்டில் ஆளில்லை. டேஷ்போர்டுக்குள் கிடக்கும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தத் தெருவில் யார்? நானும் நீயும்தான்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா நாமக்கல் லாரி டிரைவர். டீ குடிக்க வண்டியை நிறுத்தினாலும் கம்பியை எடுத்து எல்லா டயரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்குள் போவார். சத்தத்திலேயே காற்று குறைவா, சரியா என்று சொல்லிவிடுவார். "வண்டிய வாங்கறது ஒரு நாள் வேலை கண்ணு, வெச்சிருக்கறதுதான் தினம் தினம் வேலை" என்பார். லாரிக்காரர் டயரைத் தட்டுகிறார். கார்க்காரரோ கண்ணாடியைத் துடைக்கிறார். வித்தியாசம் இவ்வளவுதான் நண்பர்களே!

முதலில் பணக்கணக்கைப் பார்ப்போம். பழைய சின்ன கார் வாங்குகிறவர் எல்லோரும் மாதத் தவணை எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 பைசா பெட்ரோலுக்கே போகிறது. நாலு டயர் 16,000 ரூபாய், அவை 40,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 40 பைசா. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் சர்வீஸ் 4,000 ரூபாய் என்றால் அதற்கும் 40 பைசா. முன் பிரேக் பேட் 2,000 ரூபாய், 30,000 கிலோமீட்டர் வரும் என்றால் 7 பைசாகூட ஆகவில்லை. மூன்றையும் கூட்டுங்கள். ஒரு ரூபாய் வரவில்லை!

உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தொகை கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று மாறாது. ஆறு ரூபாய் பெட்ரோலை முகம் சுளிக்காமல் போடுகிறவர்தான், உயிரைக் காக்கும் ஒரு ரூபாயை "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பது என்பது இதுதான்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்று. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் உண்டியலில் போடுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஆயிரம் ரூபாய். இன்சூரன்ஸும் பேட்டரியும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகிற செலவு. அதற்கு மாதம் ஒரு தொகை தனி. இந்த இரண்டையும் எடுத்துவைக்க முடியாதென்றால் அந்தக் காரை வாங்கும் வசதி நமக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனாலும் வாங்கும் முன்னால் சொன்னால்தானே அது அறிவுரை? வாங்கிய பிறகு சொன்னால் அது குத்திக்காட்டல்!

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். புரோக்கர் சொல்லும் வசனம் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி!" தமிழ்நாட்டில் விற்ற பழைய கார் அத்தனையும் டாக்டர்கள் ஓட்டியது என்றால் அவர்கள் ஊசி போட்டது எப்போது? என் பெரியம்மா மகன் போன வருடம் அப்படி ஒரு "டாக்டர் வண்டி" வாங்கி வந்தார். டயரில் பட்டன் புத்தம் புதிதாக இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அண்ணன் வாங்கிய வண்டியின் டயருக்கு எட்டு வயது! ஓடாமல் நின்றே கிழடான டயர். பட்டன் இருந்தும் ஓரமெல்லாம் வெடிப்பு. கையை வைத்துக் காட்டியதும் அண்ணன் முகம் வாடிவிட்டது. மறு மாதமே நாலையும் மாற்றினார். வாங்கும்போதே பார்த்திருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைத்திருக்கலாம்.

ஆர்.சி. புத்தகம் அதைவிட முக்கியம். காசைக் கொடுத்து சாவியை வாங்கினால் வண்டி நம்முடையதாகிவிடாது. பெயர் மாற்றும் வரை சட்டத்தின் கண்ணில் பழைய ஆள்தான் ஓனர். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே விற்கிறவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஃபைனான்ஸ் பாக்கி முடிந்ததா, ஆர்.சி.யில் அடமானம் நீக்கியாச்சா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். இன்சூரன்ஸையும் கூடவே பெயர் மாற்ற வேண்டும். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஆனால் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் எதிராளிக்குத்தான் நஷ்டஈடு. நம் வண்டி நொறுங்கினால் ஒரு பைசா வராது. இந்த வேறுபாடு தெரியாமலேயே "இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்று தைரியமாக இருப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

அடுத்து பராமரிப்பு. நம் ஒர்க்‌ஷாப் வகுப்பில் படித்ததைத்தான் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் போதும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. "நைட்ரஜன் அடிச்சா டயர் ரொம்ப நாள் வரும்" என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் நண்பர்களே! எதை அடித்தோம் என்பதைவிட ஒழுங்காகப் பார்த்தோமா என்பதுதான் முக்கியம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் முடிந்தது. மொட்டை டயர் மழையில் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்குக்கு வேலையே இருக்காது.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது சிக்கனமல்ல, உள்ளே துருவை வளர்ப்பது. கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. அதில் நீர் சேரச் சேரக் கொதிநிலை குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் கம்பெனி சொன்ன காலக்கெடுவில் அதை மாற்ற வேண்டும். மலையில் ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். இது எங்கள் அப்பாவின் பாடம்; நம் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார் மூழ்கியது என்று டி.வி.யில் பார்த்தோம். மூழ்கிய வண்டிக்குச் செய்யும் முதல் கொடுமை சாவியைத் திருகுவது. தண்ணீரை அமுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக, ஆனால் எல்லாவற்றிலும் பெரிதாக, உயிர்! 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் அதில் 16,715 பேர். ஓட்டியவர்கள் 8,384, உடன் வந்தவர்கள் 8,331. ஏறக்குறைய சரிபாதி! பெல்ட் டிரைவருக்கு மட்டும் என்று நினைக்கும் நம் வீட்டார் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதே 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருந்தபோதுதான். விலையுயர்ந்த காரால்கூட அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது என்பது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். நம் ஃபிசிக்ஸ் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் மடியிலிருக்கும் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. இதெல்லாம் இருக்க, பெல்ட் போடாமலே மணிச்சத்தத்தை நிறுத்தும் கிளிப்பை வாங்கி மாட்டுகிறவர்களை என்ன சொல்வது? இணையக் கடைகளிலிருந்து அதை நீக்கச் சொல்லி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2023 மே மாதம் உத்தரவிட்டது. பம்பருக்கு முன் கெத்தாக மாட்டும் இரும்புக் கம்பியும் அப்படித்தான். ஏர்பேக்குக்கு மோதலைச் சொல்ல வேண்டிய சென்சாரை அது ஏமாற்றிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

"ரோடு சரியில்லை, எதிரே வர்றவன் சரியில்லை, நாம மட்டும் என்ன பண்ண?" என்பார்கள் சிலர். ரோட்டைப் போடுவது அரசாங்கத்தின் வேலை, அதைக் கேட்க வேண்டியதும் நாம்தான். ஆனால் எதிரே வருகிறவன் சரியில்லை என்றால்தான் நம் பிரேக் இன்னும் சரியாக இருக்க வேண்டும், இல்லையா?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். பருவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கல்லூரி வாசலில் இலவசக் கார் பரிசோதனை முகாம் நடத்துவோம். டயர் வயது, காற்று, பிரேக் ஆயில், விளக்குகள், ஐந்து பெல்ட்டும் வேலை செய்கிறதா என்று பார்த்து, தமிழில் அச்சடித்த ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். காற்று பார்க்க ஒரு கேஜ், ஒரு டார்ச் லைட், நம் இரண்டு கைகள் போதும். ஆட்டோமொபைல் பிரிவு மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் வாருங்கள். கணக்கு எழுத கம்ப்யூட்டர் பிரிவும் வரட்டும்!

டிப்ளமோ என்றால் கம்பெனி கேட்டில் காட்டும் காகிதம் மட்டுமா? நாம் படித்தது நம் தெருவில் ஒரு தாயின் கழுத்தில் தாலியைக் காத்தது என்றால் அதைவிடப் பெரிய மார்க் எது? செய்வோமா, நண்பர்களே?

- மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு