மாறாத இருட்டு யாருக்கு வேண்டும்?

‘பிளாக் மிரர்’ பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழுகிறது: பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தபோதுதான் அது நல்ல தொடர், நெட்ஃபிளிக்ஸுக்குப் போனதும் இருட்டு குறைந்தது, தரமும் போயிற்று. இந்தத் தீர்ப்பு தவறு. ரசனையின் பெயரால் வரும் சோம்பல் இது.

2011 டிசம்பரில் சார்லி புரூக்கர் தனித்தனிக் கதைகள் கொண்ட இந்தத் தொடரைத் தொடங்கியபோது ஸ்மார்ட்போனைப் பலரும் வரமாகவே பார்த்தார்கள். கையிலிருக்கும் திரை நம்மை ஆளும் என்று சொல்லத் துணிச்சல் வேண்டியிருந்தது. இன்று அதைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்கிறார்கள். கருவி வரும், மயக்கும், கடைசியில் மனிதனை நசுக்கும் என்று கதை அதே தடத்தில் ஓடினால், பார்ப்பவர் பத்து நிமிடத்தில் முடிவை ஊகித்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அச்சம் எங்கிருந்து வரும்?

தொடர் மென்மையானதற்குச் சாட்சியாக 2016-இன் ‘சான் ஜூனிபெரோ’ கதையைக் காட்டுகிறார்கள். சுபமான முடிவாம். நாயகி கெல்லியின் மகள் 39 வயதில் இறந்தாள். இறந்தவர் வாழும் சான் ஜூனிபெரோ என்ற கணினி நகரம் அப்போது கிடையாது. மகளுக்குக் கிடைக்காதது தனக்கும் வேண்டாம் என்று கணவரும் மறுத்துவிட்டே போய்ச் சேர்ந்தார். அந்த இருவரையும் விட்டுவிட்டுத்தான் கெல்லி அந்த நகரத்தில் காதலி யார்க்கியிடம் போகிறாள். இது லேசான முடிவா?

பிந்தைய கதைகளில் சொத்தையானவையும் உண்டு. 2023-இன் ‘மேஸி டே’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் இருட்டுக்கா பஞ்சம்? ரத்தத்தில்தான் முடிகிறது. இல்லாதது கதை.

2025-இல் வந்த ‘காமன் பீப்பிள்’ கதையைப் பாருங்கள். மூளைக்கட்டி வந்த ஆசிரியை அமாண்டாவை ஒரு நிறுவனம் மாதச் சந்தாவுக்கு உயிரோடு வைத்திருக்கிறது. தொடக்கத்தில் மாதம் 300 டாலர். பிறகு உயர்ரகத் திட்டம், அதற்கும் மேல் ஒன்று. கூடுதல் பணம் கட்டாதவரின் வாய் வழியே விளம்பரம் ஓடும். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எதையோ விற்கத் தொடங்குகிறாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரியாது. வெல்டிங் வேலை செய்யும் கணவன் மைக், சந்தாவுக்காக இணையத்தில் முகமறியாதவர்கள் முன் தன்னை அவமானப்படுத்திக்கொள்கிறான். 2011-இல் பயம் திரையைப் பற்றியது. இங்கே பயம் மாதக் கடைசியில் வரும் பில். இருட்டு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அதே பருவத்தின் ‘யூலஜி’ இன்னும் தூரம் போகிறது. பால் ஜியாமட்டி நடித்த பிலிப், ஒரு கருவியின் உதவியால் பழைய புகைப்படங்களுக்குள் நுழைந்து நடக்கிறான். கருவி அவனை ஏமாற்றவில்லை, வேவு பார்க்கவில்லை. காதலியின் முகத்தைப் படங்களிலிருந்து சிதைத்தவன் அவன். அவள் விட்டுச்சென்ற கடிதத்தைப் படிக்காமலே பல்லாண்டு அவளை வெறுத்தவனும் அவனே. குற்றத்தைச் சுமத்த அங்கே ஒரு இயந்திரம்கூட இல்லை. பழைய ‘பிளாக் மிரர்’ இந்தத் துயரத்தைத் தொட்டதே இல்லை.