முதல் இசைத்தட்டின் பக்தர்கள்

ஒயர் என்ற ஆங்கிலேய பங்க் ராக் குழுவைப் பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால் ஒரு சூத்திரம் வந்து விழுகிறது. 1977 இறுதியில் வெளியான 'பிங்க் ஃப்ளாக்' உண்மை. 1978-இல் வந்த 'சேர்ஸ் மிஸ்ஸிங்' சறுக்கல். 1979-இல் வந்த '154' வீழ்ச்சி. பங்க்கின் ஆவேசமெல்லாம் முதல் தட்டோடு தீர்ந்தது, பிறகு மிஞ்சியது சிந்தஸைஸர் புகைமூட்டம் என்பது இதன் பொழிப்புரை. எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு. இதே சூத்திரத்தைத் தலைகீழாக்கி, முதல் தட்டு வெறும் பயிற்சி ஏடு, மூன்றாவதில்தான் 'முதிர்ச்சி' வந்தது என்பவர்கள் அவர்கள். இரண்டு கட்சிக்கும் நான் விரோதி. முதல் தட்டைக் காது கொடுத்துக் கேட்காததுதான் இரண்டுக்கும் பொதுவான அஸ்திவாரம்.

பக்தர்களை முதலில் பார்ப்போம். 'பிங்க் ஃப்ளாக்'கில் 21 பாட்டுகள். மொத்தம் 36 நிமிஷத்துக்கும் குறைவு. ஆறு பாட்டுகள் ஒரு நிமிஷத்தை எட்டுவதில்லை. 'ஃபீல்ட் டே ஃபார் தி சண்டேஸ்' 28 விநாடியில் முடிந்துபோகிறது. வேகம், சுருக்கம், கோபம். ஆகவே இது பங்க்கின் சாரம் என்பது வாதம். சரி, தட்டு எப்படித் தொடங்குகிறது? 'ராய்ட்டர்ஸ்' என்ற பாட்டோடு. நிலைகுலைந்துகொண்டிருக்கும் ஓர் இடத்திலிருந்து நிருபன் அனுப்பும் செய்தி அது. மூன்று நிமிஷம் கனத்து, தயங்கித் தயங்கி நகர்கிறது. தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டும் ஓட்டமில்லாதது. 'ஸ்ட்ரேஞ்ச்' நான்கு நிமிஷத்தை நெருங்கும்வரை காலை இழுத்துக்கொண்டே நடக்கிறது. பேரேட்டில் கூட்டல் போட்டுப் பிழைக்கிறவன் நான்; இதையும் கூட்டிப் பார்த்தேன். இந்த மூன்று பாட்டுகள் மட்டும் பத்தரை நிமிஷத்துக்கு மேல் வருகின்றன. தட்டில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு. பக்தர்கள் காதில் இந்த மூன்று பங்கு விழவேயில்லை.

மீதி ஏழு பங்கில் இருக்கும் சுருக்கமாவது கோபத்தின் விளைவா? சொற்கள் தீர்ந்ததும் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த நால்வர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. கிடாருக்குத் தனி ஆவர்த்தனம் கிடையாது. முடிவில் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடி ஜனங்களைக் கிளப்பிவிடுவது கிடையாது. '106 பீட்ஸ் தட்' என்ற பாட்டை நூறு அசைக்குள் எழுத முயன்றார் கிரஹாம் லூயிஸ்; எண்ணிப் பார்த்தபோது 106 வந்தது, அதுவே தலைப்பில் ஏறிக்கொண்டது. கொதித்துக்கொண்டிருப்பவன் அசை எண்ணிக்கொண்டிருப்பானா? கிடார் வாசித்த புரூஸ் கில்பர்ட் 1946-இல் பிறந்தவர், ஓவியர். வாட்ஃபோர்ட் கலைக் கல்லூரியில் ஒலி-ஒளிக் கருவிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர். முதல் தட்டு வந்தபோது அவருக்கு 31 வயது. இதைத் தெருப் பையன்களின் ஆத்திரம் என்று கொண்டாடுவது கேட்பவரின் ஆசையைச் சொல்கிறதே தவிர, சங்கீதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

'பிங்க் ஃப்ளாக்' பங்க்கின் வேதம் என்பதைவிட பங்க்கின் மீதான விமரிசனம் என்பதே பொருந்தும். ராக் சங்கீதம் பழக்கத்தினால் செய்துகொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது இல்லாமல் பாட்டு நிற்குமா என்று சோதித்த தட்டு அது. அப்படிச் சோதிக்கிறவர்கள் அடுத்த ஆண்டு எதைச் சோதிப்பார்கள்? 1978-க்குள் ஒன்றரை நிமிஷ வேகப் பாட்டே ஒரு சம்பிரதாயமாகியிருந்தது. பிறருடைய வாய்ப்பாட்டை மறுத்தவர்கள் தங்களுடைய வாய்ப்பாட்டையும் மறுத்தார்கள். இது சறுக்கல் என்றால் நேர்மை என்பதற்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

'சேர்ஸ் மிஸ்ஸிங்'கில் 15 பாட்டுகள். தயாரிப்பாளர் மைக் தோர்ன் கீபோர்டு வாசிக்கிறார். கிடாரின் ஒலி கிடார்தானா என்று சந்தேகம் வரும்படி திரிந்து கேட்கிறது. 'மெர்ஸி' ஆறு நிமிஷத்துக்குப் பக்கத்தில் போகிறது. ஆனால் அதே தட்டில் இருக்கும் 'அவுட்டோர் மைனர்' இரண்டு நிமிஷம்கூட இல்லை. இலைக்குள் குடைந்து வாழும் ஒரு பூச்சியைப் பற்றிய பாட்டு, மெட்டோ தேன். சுருக்கம் எங்கே வேண்டுமோ அங்கே இருக்கிறது, வேண்டாத இடத்தில் இல்லை. இதே பாட்டு தனித்தட்டாக வந்தபோது நடுவில் பியானோ செருகப்பட்டு மூன்று நிமிஷத்தை நெருங்கிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு முதலாவதே போதும் என்று புரியும்.

'154'-இல் எல்லாம் எனக்கு உவப்பு என்று சொல்ல வரவில்லை. அதுவரை நடத்திய கச்சேரிகளின் எண்ணிக்கையே அதன் பெயர். 'எ டச்சிங் டிஸ்ப்ளே' ஏழு நிமிஷத்துக்குக் கனமான பாவனையோடு நகர்கிறது, பாதியிலேயே சலிக்கிறது. நால்வரும் நான்கு திசையில் இழுப்பது தெரிகிறது. 'முதிர்ச்சி' கட்சிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழம் முற்றிக் கனிந்து உட்கார்ந்த தட்டல்ல இது, பிளந்துகொண்டிருக்கிற தட்டு. அந்தப் பிளவிலிருந்துதான் 'தி ஃபிஃப்டீன்த்' போன்ற தெளிந்த பாட்டும் பிறக்கிறது. விலைபோய்விட்டார்கள் என்ற குற்றச்சாட்டோ கேலிக்கூத்து. இந்தத் தட்டோடு இ.எம்.ஐ. கம்பெனியுடனான உறவு முடிந்தது. 1980-இல் குழுவே நின்றுபோனது. விலைபோகிறவர்கள் இந்த வியாபாரம் செய்வதில்லை.

1985-இல் மீண்டும் கூடினார்கள். 1987-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது பழைய பாட்டுகளை வாசிக்கச் சம்மதிக்கவில்லை. பதிலாக, 'பிங்க் ஃப்ளாக்' பாட்டுகளையே வாசிக்கும் எக்ஸ் லயன் டேமர்ஸ் என்ற இன்னொரு குழுவைத் தங்களுக்கு முன்னால் மேடையேற்றினார்கள். பக்தர்கள் கேட்டது விக்கிரகம், அது கிடைத்தது. பிறகு தங்கள் வேலையைச் செய்தார்கள். எந்த விமரிசனக் கட்டுரையும் இவ்வளவு துல்லியமாக விஷயத்தைச் சொன்னதில்லை. 2003-இல் லண்டன் பார்பிகனில் முதல் தட்டை முழுதாக அவர்களே வாசித்ததை எனக்கு எதிராகக் காட்டலாம். அன்று இரண்டாம் பாதியில் புதிய பாட்டுகள் வந்தன என்பதையும் சேர்த்துக் காட்டட்டும்.

முதல் தட்டின் ஒலியை வேறொருவர் எடுத்தாள்வது கஷ்டமில்லை. 1994-இல் எலாஸ்டிகா குழுவின் 'கனெக்ஷன்' பாட்டில் 'த்ரீ கேர்ள் ரம்பா'வின் கிடார் வரி ஒலிப்பதாகப் புகார் எழுந்து, விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. ஒலி பண்டமாகிவிட்டால் கைமாறும். அதை முதலில் கண்டுபிடித்த மறுப்பு கைமாறாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நாற்பது ஐம்பது பேரிடம் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நம்மிடையே ஒரு கவிஞனின் முதல் தொகுதியைப் புகழ்வது அவனுடைய மூன்றாவது தொகுதியைப் படிக்காமலிருக்க நல்ல உபாயமாகிவிட்டது. பழைய மாதிரி எழுது என்பது பாராட்டு வேஷம் போட்ட தடையுத்தரவு. 'பிங்க் ஃப்ளாக்' எனக்குப் பிடித்த தட்டு. அதை உண்மையாக நேசிக்கிறவர் '154'-ஐ வெறுக்கலாம், சண்டை போடலாம். அது வந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்ல முடியாது.