காலில் ஆணி குத்தினாலும் வலிக்காது! சுகர் நோயாளிகளுக்கு மிஷன் ஆஸ்பத்திரிகள் சொன்ன பாடம்

திருக்கோஷ்டியூர்,

காலில் ஆணி குத்தும். ரத்தம் வரும். ஆனால் வலி தெரியாது. சுகர் நோய் முற்றிய பலரின் நிலைமை இதுதான். "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டு விடுவார்கள். சின்ன புண் சீழ் பிடிக்கும். கடைசியில் விரலை எடுக்க வேண்டும், பாதத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது குடும்பமே ஆடிப்போகும்.

சித்தாள் வேலை, வயல் வேலை, லோடு ஏற்றும் வேலை என்று அன்றாடம் உழைத்து சாப்பிடுபவருக்கு கால் போனால் பிழைப்பே போச்சு.

2023-ம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு சுகர் இருக்கிறது. பெரியவர்களில் 100-க்கு 35 பேருக்கு ரத்த கொதிப்பு இருக்கிறது. இந்த இரண்டு நோய்களும் ஆரம்பத்தில் எந்த தொந்தரவும் கொடுப்பதில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பலர் காலம் தள்ளுகிறார்கள்.

மானாமதுரையில் தெரிந்த ரகசியம்

உணர்ச்சி இல்லாத காலை எப்படி காப்பாற்றுவது என்பது சிவகங்கை மாவட்டத்துக்கு புதிய விஷயம் அல்ல. மானாமதுரை தயாபுரத்தில் உள்ள தொழுநோய் மிஷன் ஆஸ்பத்திரியில் பல தலைமுறையாக கற்றுக் கொடுத்த பாடம்தான் அது.

இந்த பாடம் பிறந்த கதை சுவாரஸ்யமானது. கொல்லிமலையில் வேலை செய்த மிஷனரி தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

அது உண்மை அல்ல என்பதை பிராண்ட் கண்டுபிடித்தார். நோய் உணர்ச்சியைத்தான் கொல்கிறது. அதனால் நோயாளிகள் கொதிக்கும் பாத்திரத்தை வெறும் கையால் தூக்கினார்கள். கல்லும் முள்ளும் குத்திய காலோடு நடந்தார்கள். சிலருக்கு ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்ததுகூட தெரியவில்லை. இதை கண்டறிந்ததும் நோயாளிகளுக்கு வளர்க்க பூனை கொடுத்தார்கள்!

அதோடு, தினமும் கை, காலை பார்க்க வேண்டும், மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும் என்று பழக்கினார்கள். வேலூர் அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையமும் இந்த வழியில் வேலை செய்தது. இன்று சுகர் நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பும் இதே வகைதான்.

மரத்தடியில் வைத்தியம்

ஆஸ்பத்திரியை கட்டிவிட்டு உட்கார்ந்தால் போதாது என்பதும் இந்த மிஷன்காரர்கள் கற்ற பாடம். சி.எம்.சி.யை 1900-ம் ஆண்டில் சிறிய அளவில் ஆரம்பித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூரைச் சுற்றி உள்ள கிராம சாலைகளில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1977-ல் சி.எம்.சி. சார்பில் கே.வி.குப்பம் வட்டாரத்தில் கிராம சுகாதாரத்துக்கென்றே தனி மையம் தொடங்கப்பட்டது.

மராட்டிய மாநிலம் ஜாம்கெட்டில் 1970-ல் ராஜ் அரோலே, மேபெல் அரோலே என்ற கிறிஸ்தவ டாக்டர் தம்பதி இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எழுத படிக்க தெரியாத கிராமத்து பெண்களையே சுகாதார ஊழியர்களாக பழக்கினார்கள். குழந்தை எடை பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, சுத்தமான தண்ணீர் பற்றி சொல்வது என எல்லாம் அவர்களே செய்தார்கள். 1979-ல் இந்த தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏன் முக்கியம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பரிசோதனை இலவசம். மாத்திரையும் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்தது. ஆனாலும் முதல் பரிசோதனைக்கே போகாதவர்கள் ஏராளம். காரணம் சிம்பிள். போனால் ஒரு நாள் கூலி போகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருபவருக்கு அந்த நஷ்டம் இல்லை. 1987-ல் மதுரையில் இருந்து பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தில் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்ட ஆலயங்கள் அடங்கும். எந்த பங்கிலும் தேடினால் நர்ஸ் வேலை பார்ப்பவர் ஒருவராவது கிடைப்பார். பூசை முடிந்ததும் ஒரு மேஜை, ஒரு பிரஷர் மிஷின், ஒரு சுகர் மிஷின் போட்டால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் 1980-களில் பாதிரியார் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் ஆலயத்துக்கு ஒரு நர்ஸ் என்ற முறையை இப்படித்தான் தொடங்கி வைத்தார்.

முகாம் மட்டும் போதுமா?

இதில் மூன்று ஆபத்துகளும் உண்டு.

முதலாவது, பேனர் கட்டி, போட்டோ எடுத்து, ஒரே நாளில் மூட்டை கட்டும் முகாம். சுகர் இருக்கு என்று சொல்லிவிட்டு போனால் பிரயோஜனம் இல்லை. பெயரை நோட்டில் எழுதி, அவர் ஆஸ்பத்திரிக்கு போனாரா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அடுத்த வாரமும் கேட்க வேண்டும். வீடு வீடாக போய் பழகிய மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை அங்கத்தினர்களால் இது முடியும்.

இரண்டாவது, "ஜெபம் பண்ணியாச்சு, மாத்திரை வேண்டாம்" என்ற பேச்சு. மருந்தை நிறுத்தினால் சுகர் ஏறும். ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

மூன்றாவது, மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம். சிகிச்சை இடத்தில் பிரசங்கம் வைத்தால் இந்த சந்தேகம் தீராது. யார் வந்தாலும் என்ன சாமி என்று கேட்காமல் பார்த்து அனுப்பினால் ஊரே நம்பும்.

கோபுரம் ஏறிச் சொன்ன ஊர்

இது ஆலயத்துக்கு மட்டும் சொல்வது அல்ல. கூட்டம் கூடும் கோவிலுக்கும், பள்ளிவாசலுக்கும் பொருந்தும். செட்டிநாட்டில் இருந்து தைப்பூசத்துக்கு பழனிக்கு நடப்பவர்களும், வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் வெறுங்காலில் போகிறார்கள். அதில் சுகர் உள்ளவர் எத்தனை பேர்? புறப்படும் முன் ஒரு தடவை டாக்டரிடம் காலைக் காட்டினால் பெரிய விபரீதத்தை தடுக்கலாம்.

யாருக்கும் சொல்லாதே என்று குரு சொன்ன மந்திரத்தை, ஊர் ஜனம் முழுக்க பிழைக்கட்டும் என்று ராமானுஜர் கோபுரத்தில் ஏறிச் சொன்னது இதே திருக்கோஷ்டியூரில்தான். அதை கற்க அவர் 18 தடவை நடந்து வந்தார் என்பார்கள். கால் காக்கும் ரகசியத்துக்கு அவ்வளவு அலைய வேண்டியதில்லை.

30 வயதை தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுகர், பிரஷர் பாருங்கள். வெறும் வயிற்றில் சுகர் 126-ஐ தொட்டாலோ, பிரஷர் 140-க்கு 90-ஐ தொட்டாலோ டாக்டரை பாருங்கள். சுகர் இருந்தால் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் உள்ள பிள்ளையை பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால், வலிக்காவிட்டாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு போங்கள்.