ஒரகடம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால்... சட்டம் யாருக்கு என்ன சொல்கிறது?

ராத்திரி 11 மணி தாண்டியிருக்கும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வருகின்றன. பஸ்ஸில் சீட் இல்லாத கான்ட்ராக்ட் பசங்க பைக்கில் கிளம்புகிறார்கள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் பக்கம் ஒரு பேரிகேட், ஒரு டார்ச் லைட். "தம்பி, ஓரங்கட்டு."

பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஹெல்மெட் இல்லை. வண்டி ரூம்மேட்டுடையது. அவரும் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில். இன்சூரன்ஸ் போன மாசமே முடிஞ்சிருச்சு.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தத் தொழில் வட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். பில் எவ்வளவு வரும்? 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அபராதத் தொகைகளை உயர்த்தியது. அதன்படி ஹெல்மெட் இல்லாததற்கு 1,000 ரூபாய். அதுவரை இது 100 ரூபாயாகத்தான் இருந்தது. இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் தடவை 2,000. ஓட்டுகிறவரிடம் லைசென்ஸே இல்லை என்றால் தனியாக 5,000. ஒரே ராத்திரியில் அந்த மாத வாடகையில் தன் பங்கு முழுசும் போய்விடும்.

அபராதமே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884 பேர். எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான். ஆகவே 'பக்கத்துலதானே சார் போறேன்' என்ற வாதம் எடுபடாது.

சிக்கல் அபராதத்தில் இல்லை, அது போடப்படும் விதத்தில் இருக்கிறது. நடுராத்திரி, இருட்டான ரோடு, ஒரு பக்கம் சீருடை, இன்னொரு பக்கம் காலையில் மறுபடி ஷிஃப்டுக்குப் போக வேண்டிய 22 வயசுப் பையன். அவன் பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்தவன் என்றால் தமிழும் தெரியாது. அந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று இருவரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2018 மார்ச் 7 சாட்சி. திருச்சி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைத் துரத்திச் சென்ற இன்ஸ்பெக்டர் வண்டியை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. கணவருடன் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் கீழே விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் திருச்சி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். உயிரைக் காப்பாற்ற வந்த ஹெல்மெட் விதி ஒரு உயிரை எடுத்த நாள் அது.

அதற்காக 'நிற்காமல் போயிரலாம்' என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். சீருடையில் இருக்கும் போலீஸ் கை காட்டினால் நிற்பதும், கேட்டால் லைசென்ஸைக் காட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டப்படி உங்கள் கடமை. சட்டப்படியான உத்தரவை மீறினால் பிரிவு 179-ன் கீழ் 2,000 ரூபாய் தனி. ஆனால் பிரிவு 130-ல் 'சீருடையில்' என்ற சொல் சும்மா போடப்படவில்லை. மஃப்டியில் ரோட்டோரம் நிற்கிறவர் லைசென்ஸ் கேட்டால், நீங்கள் யார் என்று கேட்கலாம்.

சரி, ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டுமா? 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஒரிஜினல் கட்டாயம் என்று அரசு சொல்லி, கோர்ட் வரை போய்ப் பெரிய களேபரமே நடந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருக்கும் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாமே செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோ வேறு, டிஜிலாக்கர் ஆவணம் வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். போட்டோவைக் காட்டிவிட்டு 'டிஜிட்டல் இந்தியா சார்' என்று வாதாடுபவர்கள் தோற்றுத்தான் போவார்கள்.

அடுத்து, சாவி. வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகச் சாவியை உருவிக்கொள்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். போலீஸ் சாவியைப் பிடுங்கலாம் என்று இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் சொல்லவில்லை. வண்டியைப் பறிமுதல் செய்ய பிரிவு 207 இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது வராமல் ஓட்டுவது, பதிவு செய்யாத வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி, இவைதான் அதில் வரும் காரணங்கள். ஹெல்மெட் இல்லை என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. லைசென்ஸ் விஷயம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஹெல்மெட் குற்றத்துக்கும் லைசென்ஸை எடுத்து, மூன்று மாதத் தகுதி நீக்கத்துக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப முடியும். ஆனால் லைசென்ஸை வாங்கினால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இப்படி எடுத்தால், லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. ரசீது இல்லாமல் 'நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கோ' என்பது சட்டத்தில் இல்லாத வசனம்.

பலருக்கும் தெரியாத ஒன்று 'ஸ்பாட் ஃபைன்' என்றால் என்ன என்பது. அது தண்டனை கிடையாது, ஒரு சமரசம். பிரிவு 200 சொல்வது இதுதான்: குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசு நிர்ணயித்த தொகையைக் கட்டினால் வழக்கு அதோடு முடிந்தது. ஒப்புக்கொள்ள விருப்பமில்லை என்றால் கட்டாமல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் உங்கள் தரப்பைச் சொல்லலாம். அது உரிமை, யாருடைய சலுகையும் அல்ல. நடைமுறையில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் கான்ட்ராக்ட் தொழிலாளி யாரும் அந்த வழிக்குப் போவதில்லை. 1,000 ரூபாயை எதிர்க்க இன்னொரு 1,000 ரூபாய் செலவாகும் என்றால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. கையில் காசு கேட்டால் மட்டும் தயங்காமல் இ-சலான் கேளுங்கள். சலான் எண் இல்லாத பணம் அரசுக்குப் போகும் பணம் இல்லை.

கேமரா கதை தனி. 2021 ஆகஸ்டில் வந்த விதி 167ஏ, கேமரா வைத்துக் கண்காணிக்கும் இடத்தில் அதை அறிவிக்கும் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றது. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சலான் முடியும் வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆறு மாசம் கழித்து, போகாத ஊரில் போட்டதாக ஒரு சலான் வந்தால் போட்டோவைக் கேட்டு எதிர்க்கலாம். பரிவாகன் இ-சலான் தளத்திலேயே புகார் செய்ய வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் 'இ-சலான்' என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் வந்தால் அது போலீஸ் அனுப்பியது இல்லை, திருடன் அனுப்பியது. தொட வேண்டாம்.

முதலில் பார்த்த அந்த செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு வருவோம். இந்தப் பகுதியில் அதிகம் பேசப்படாத சிக்கல் இதுதான். சலான் போவது ஆர்.சி.யில் இருக்கும் நம்பருக்கு. பழைய ஓனர் மதுரையிலோ கடலூரிலோ 'டிங்' என்று மெசேஜ் வந்து திட்டிவிட்டு அழித்துவிடுவார். ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியாது. சலான்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் பெயர் மாற்றப் போகும்போதுதான் மொத்தமும் கண்ணில் படும். வண்டியை விற்றவர் 14 நாட்களில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. விற்றவரே, இது உங்களுக்கும் பாதுகாப்பு. வாங்கியவன் விபத்து செய்தால் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வெளி மாநில வண்டி என்றால், 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் பைக் ஓட்டுகிறவரின் கணக்கு. இதே ரோட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை டார்ச் லைட் அடித்து யாரும் பார்ப்பதில்லை.

கார் ஏற்றும் டிரெய்லர்கள், கன்டெய்னர் லாரிகள் கேட் திறக்கக் காத்திருந்து சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. பின்பக்க விளக்கு எரியாத ஒரு டிரெய்லர் இருட்டில் நின்றால் பின்னால் வரும் பைக்குக்கு அது சுவர். ஆபத்தான விதத்தில் வண்டியை நிறுத்துவதைத் தடுக்கும் பிரிவு 122-க்கு எனத் தனித் தண்டனை கிடையாது. பொதுப் பிரிவான 177 தான், முதல் தடவை அதிகபட்சம் 500 ரூபாய். பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவுக்குப் போனாலும் 5,000 வரைதான். தன் தலையை ஆபத்தில் வைப்பவனுக்கு 1,000, அடுத்தவன் தலையை ஆபத்தில் வைக்கும் லாரிக்கு 500 என்பது என்ன கணக்கு?

2019-ல் சேர்த்த இரண்டு பிரிவுகளை யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். ஒன்று 210பி: சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதை மீறினால் இரு மடங்கு அபராதம். ஹெல்மெட் போடாமல் பைக்கில் வரும் போலீஸ்காரருக்கு 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 198ஏ: சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் அதிகாரியோ கான்ட்ராக்டரோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஹெல்மெட் சலான் போட ஒரு போனும் ஒரு போட்டோவும் போதும். 198ஏ-க்கு யார் போட்டோ எடுப்பது, எங்கே அனுப்புவது? சர்வீஸ் ரோடு பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்த ஷிஃப்ட் தொழிலாளி புகார் செய்ய, சலான் மெஷின் மாதிரி ஒரு எளிய வழியும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை.