உங்கள் பாட்டு, உங்கள் சர்வர்: நாவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ்... எதைத் தேர்வு செய்யலாம்?

2020 டிசம்பரில் கூகுள் பிளே மியூசிக் மூடப்பட்டது. 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கும் கிளம்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் பயனர்கள் பெட்டி படுக்கையோடு அடுத்த ஆப்புக்குக் குடிபோனார்கள்.

ஆப் மூடாவிட்டாலும் நிம்மதி இல்லை. இசை நிறுவனத்துக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முறிந்தால், நேற்று கேட்ட பாட்டு இன்று இருக்காது. அப்பா கேசட்டில் இருந்து மாற்றி வெச்ச ஊர்த் திருவிழா நாதஸ்வரமோ, காலேஜ் நண்பர்களின் டெமோவோ எந்த ஆப்பிலும் கிடைக்கப் போவதில்லை.

இதற்கான வழிதான் ‘செல்ஃப் ஹோஸ்டிங்’. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ ஒரு சர்வர் மென்பொருளைப் போட்டு, நம்ம பாடல்களை நாமே போனில் ஸ்ட்ரீம் செய்துகொள்வது.

எவ்வளவு இடம் வேண்டும்?

320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு சுமார் 12 எம்பி. 5,000 பாட்டு இருந்தாலும் 60 ஜிபிதான். ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தாராளம்.

எந்த மென்பொருள் யாருக்கு?

நாவிட்ரோம்: இசைக்கு மட்டுமே உருவானது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ராஸ்பெர்ரி பையிலேயே ஓடும் அளவுக்கு லேசானது. டேட்டா மிச்சமாக வேண்டும் என்றால், பெரிய ஃபைலைச் சுருக்கியும் போனுக்கு அனுப்பும்.

ஜெல்லிஃபின்: இதுவும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். எம்பி மீடியா சர்வர் தன் சோர்ஸ் கோடை மூடியதும், 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது. படம், சீரியல், பாட்டு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. பாட்டு கேட்க ஃபின்ஆம்ப் என்ற தனி ஆப் உண்டு.

பிளெக்ஸ்: நிறுவுவது சுலபம், அதன் பிளெக்ஸ்ஆம்ப் ஆப் பார்க்கவும் அழகு. ஆனால் ஓப்பன் சோர்ஸ் கிடையாது. அந்த நிறுவனத்தில் கணக்கு தொடங்க வேண்டும், சில வசதிகளுக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருந்து தப்பித்து, ஓனர் மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போன கதைதான்.

நம்ம ஓட்டு எதற்கு?

பாட்டு மட்டும்தான் என்றால் நாவிட்ரோமுக்கே. காரணம் அதன் வேகம் மட்டும் இல்லை. சப்சோனிக் என்ற பழைய மென்பொருள் முதலில் ஓப்பன் சோர்ஸாக இருந்து, 2016-ல் மூடப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஏர்சோனிக்கின் வளர்ச்சியும் பின்னாளில் நின்றுபோனது. ஆனால் சர்வரும் ஆப்பும் பேசிக்கொள்ள சப்சோனிக் வகுத்த ஏபிஐ இன்றும் உயிரோடு இருக்கிறது. நாவிட்ரோம் பேசுவது அதே மொழிதான். ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபி எனப் பல ஆப்களும் அதைப் பேசுகின்றன. நாளைக்கு நாவிட்ரோமே நின்றாலும், அதே மொழி பேசும் வேறு சர்வரைப் போட்டுக்கொண்டு பழைய ஆப்பிலேயே தொடரலாம்.

முதல்ல டேக்கைச் சரி பண்ணுங்க

நாவிட்ரோம் ஃபோல்டர் பெயரை நம்பாது. ஃபைலுக்குள் இருக்கும் டேக்கைப் பார்த்துத்தான் பாடல்களை அடுக்கும். தமிழ்ப் பட ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடம் காலியாக இருந்தால், ஒரே படம் நாலைந்து ஆல்பமாகச் சிதறிவிடும். அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் போதும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகத் திருத்தலாம். டவுன்லோடு தளங்களின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

வெளியில் இருந்து கேட்பது எப்படி?

பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியை நிறைய வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. திறப்பது பாதுகாப்பும் இல்லை. சர்வரிலும் போனிலும் டெயில்ஸ்கேல் போட்டு லாகின் செய்தால், இரண்டுக்கும் நடுவில் தனிப் பாதை கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டமே போதும்.

கடைசியாக, கரண்ட் போனால் சர்வரும் தூங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் மொத்தமாகவே படுத்துவிடும். அதனால் இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி கட்டாயம் வேண்டும். மென்பொருள் போனால் அரை மணி நேரத்தில் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கேசட் நாதஸ்வரம் போனால் திரும்பக் கிடைக்குமா? இந்த வாரக் கடைசியில் முதல் வேலையாகக் காப்பி எடுங்கள். சர்வர் அடுத்த வாரம்கூடப் போட்டுக்கொள்ளலாம்.