வேடத்திற்கும் சாதி உண்டோ?

ஆண்டு விழா என்றதும் நம் மனம் மேடையை நாடுகிறது. அட்டைக் கிரீடம் அணிந்தவுடன் நம்மில் ஒருத்தி அரசியாகி விடுகிறாள். நாடகம் முடிந்ததும் கிரீடம் பெட்டிக்குள் போய்விடுகிறது. நாமும் சிரித்துக் கொண்டே வீடு திரும்புகிறோம். ஆனால் ஒரு வேடம் ஏற்றதற்காகவே ஊரை விட்டு ஓட நேர்ந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர்தாம் பி.கே. ரோசி அம்மையார்.

திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட குலத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். புல்லறுத்துப் பிழைத்தார், நாடகத்திலும் தேர்ச்சி பெற்றார். குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் அவர்கள், மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தபோது ரோசியைக் கதாநாயகி ஆக்கினார். அவர் ஏற்றது ஒரு நாயர் குலப் பெண்ணின் வேடம்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. கதாநாயகிக்கு அங்கே இடமில்லை. அவர் உடனிருப்பதை வந்த பிரமுகர்கள் விரும்பவில்லை. தாழ்ந்த குலப் பெண் உயர்ந்த குலப் பெண்ணாக நடிப்பதா என்று ஒரு கூட்டம் கொதித்தெழுந்தது. திரை மீது கற்கள் பறந்தன. ரோசி உயிருக்கு அஞ்சித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்தார். நாகர்கோவிலில் மணம் புரிந்து, பெயரையும் மாற்றிக் கொண்டு வாழ்ந்தார். அதன்பின் அவர் திரையில் தோன்றவே இல்லை. படச்சுருளும் அழிந்து போயிற்று.

இதை எண்ணும்போது நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நினைவுக்கு வருகிறார். அவர் மன்னர் கல்லூரியில் சேர வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் மன்னர் அவர் பக்கம் நின்றார். அந்தப் பெண் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று நாட்டுக்கே ஒளியானார். ரோசியின் பக்கம் நிற்க வலிமையுள்ளவர் எவரும் இல்லை. ஆகவே திறமை மட்டும் ஒருவரை உயர்த்தி விடாது; துணை நிற்பவரும் வேண்டும் என்பது என் கருத்து.

டேனியல் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. ரோசியின் பெயரைத் தாங்கி 2019-இல்தான் ஒரு திரைப்படச் சங்கம் எழுந்தது. நன்றி கூறுவதிலும் பெண்ணுக்கு ஏன் இத்தனை தாமதம்?

‘அது பழங்கதை, இன்று யார் கல்லெறிகிறார்கள்?’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மாதா வேடத்திற்கு எப்போதும் சிவந்த நிறத்தவளையும், வேலைக்காரி வேடத்திற்குக் கறுத்தவளையும் தேடுகிறோமே, அது என்ன? அது கைக்குத் தெரியாமல் எறியும் கல் அல்லவா? மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலகனை வணங்கும் நாம் இதைச் சிந்திக்க வேண்டாமா?

அன்புள்ள அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டு வேடங்களைக் குரலையும் நடிப்பையும் பார்த்துக் கொடுங்கள். சகோதரிகளே, நம்மில் எவளேனும் தயங்கி ஓரமாக நின்றால் அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவோம். ரோசி அம்மையாருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி