நோவோசெர்காஸ்க் 1962: தார் போட்டு மூடியும் மறையாத ரத்தம்!

தொழிலாளிகளுக்காகவே நடக்கிற அரசு, தொழிலாளிகளையே சுட்டால் என்ன ஆகும்? சுட்டதை மறைக்க வேண்டி வரும். சோவியத் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரத்தில் அதுதான் நடந்தது.

என்ன பிரச்சினை?

1962 ஜூன் 1-ம் தேதி இறைச்சி விலையும் வெண்ணெய் விலையும் நாடு முழுக்க ஏறின. இந்த ஊரின் மின்சார ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் கூலியையும் ஏற்கெனவே குறைத்திருந்தார்கள். கூலி குறையுது, விலை ஏறுது, குடும்பம் எப்படி நடத்துறது? வேலைநிறுத்தம் வெடித்தது. மறுநாள் ஆயிரக்கணக்கானோர் லெனின் படங்களை ஏந்தி, நகர மையத்தில் இருந்த கட்சி அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது.

எப்படி மறைத்தார்கள்?

உடல்களைக் குடும்பத்திடம் தரவில்லை. இரவோடு இரவாக வெளியூர் இடுகாடுகளில் ரகசியமாகப் புதைத்தார்கள். வாய் திறக்க மாட்டோம் என்று பலரிடம் கையெழுத்து வாங்கினார்கள். சதுக்கத்தில் கழுவியும் போகாத ரத்தக் கறையின் மேல் புதுசாகத் தார் போட்டார்கள் என்று ஊர் மக்கள் பிறகு சொன்னார்கள். வழக்கு நடந்தது, 7 பேருக்கு மரண தண்டனை. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். 'ரவுடிகள் செய்த கலவரம்' என்பதுதான் அரசு சொன்ன கதை.

உண்மை எப்படி வெளியே வந்தது?

ஊர் மறக்கவில்லை. அன்று பாலத்தில் டாங்கிகளோடு நின்ற ஜெனரல் மத்வேய் ஷபோஷ்னிகோவ், கூட்டத்தின் மீது அவற்றை ஏவ மறுத்தவர். பிறகு அவர் புனைபெயரில் கடிதம் எழுதினார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். வேலைநிறுத்தத்தில் இருந்து, சிறைக்கும் போய் வந்த பியோத்தர் சியுடா, சாட்சியங்களைச் சேகரித்தார். 1980-களின் கடைசியில்தான் இதைப் பகிரங்கமாகப் பேச முடிந்தது. 1990-களில் எலும்புகளைத் தோண்டி எடுத்து, முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

மக்கள் நினைவு எல்லாமே சரியா?

இல்லை. செத்தவர்கள் எழுபது, எண்பது பேர் என்று பேச்சு இருந்தது. சோல்ஜெனிட்சினும் அப்படித்தான் எழுதினார். ஆவணங்கள் திறந்த பிறகு தெரிந்த கணக்கு 26. அதற்காக ஊர் பொய் சொன்னது என்று ஆகிவிடாது. கணக்கைப் பூட்டி வைத்தது அரசு. பூட்டின இடத்தில் வதந்திதான் வளரும்.

எண்ணிக்கையில் ஊர் தவறியிருக்கலாம். சுட்டார்கள், புதைத்தார்கள், மிரட்டினார்கள் என்ற அடிப்படை விஷயத்தில் ஊர்தான் சரி, அரசுதான் பொய். எந்தக் கொள்கை பேசுகிற அரசானாலும் சரி, அதன் வரலாற்றை அதன் ஏட்டில் மட்டும் படித்தால் போதாது. பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் முப்பது வருஷம் காத்திருந்த தாயிடமும் கேட்க வேண்டும்.